வீட்டில் ‘இன்ட்ரஸ்ட்’ இருக்கிறது என்றால் என்ன பொருள்?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், என் மாமனாரின் தகப்பனார் ரங்கூனில் கொண்டுவிற்று, அதாவது தொழில் செய்து, வந்த காலத்தில் கட்டிய வீடு எங்களுடையது. என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக இருந்த வீடு. இன்னும் பாகப்பிரிவினை ஆகவில்லை. இருவரும் இப்போது இல்லை. அண்ணன் மகன் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்; தமிழ் பேசுவார், எழுத வராது. முகப்பின் ஓடு பெயர்ந்து மழை உள்ளே இறங்குகிறது என்று என் மகன் அவருக்குத் தகவல் சொன்னான். முகப்புத் தூண்களைப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் கேட்கிறார் என்பதையும், வீட்டையே வாங்கிக்கொள்ள விடுதி நடத்தும் ஒருவர் ‘இன்ட்ரஸ்டட்’ என்று கடிதம் கொடுத்திருக்கிறார் என்பதையும் எழுதினான். அதற்கு ஆங்கிலத்தில் பதில் வந்தது. கல்லூரியில் படிக்கும் பேரன் படித்துச் சொன்னதில் எங்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. வீட்டின் மேல் ஆசை என்கிறார், விற்பதில் ஆசையில்லை என்கிறார், கூரை வேலைக்கு ஆறு வட்டி தருகிறேன் என்கிறார், ஆர்வமே இல்லாத ஒருவரை வைத்துப் பேசலாம் என்கிறார். எல்லா இடத்திலும் ‘இன்ட்ரஸ்ட்’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது என்று பேரன் சத்தியம் செய்கிறான். தன்னுடையது ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’ என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. செய்தித்தாளில் அந்தச் சொல்லைத் திட்டுவதற்கல்லவா எழுதுகிறார்கள்? நகல் இணைத்திருக்கிறேன். விளக்க வேண்டும்.

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். கடித நகலை இரண்டு முறை படித்தேன். உங்கள் பேரன் மீது குற்றமில்லை. பள்ளிக்கூட அகராதியில் அந்தச் சொல்லுக்கு முதலில் நிற்கும் பொருள் ஆர்வம் என்பதுதான். அதையே அவர் எல்லா வரிக்கும் பூசிவிட்டார், பணம் வந்த இடத்தில் மட்டும் வட்டி என்று மாற்றிக்கொண்டார். ஆனால், பன்னிரண்டு வரிக் கடிதத்தில் அந்தச் சொல் ஆறு இடங்களில் வருகிறது. ஆர்வம் என்று சொல்லத்தக்க இடம் அவற்றில் ஒன்றே ஒன்றுதான்.

முப்பது ஆண்டுகளாகக் காரைக்குடியில் இருந்துகொண்டு பத்திரங்களையும் உயில்களையும் வெளிநாட்டுக் கடிதங்களையும் மொழிபெயர்த்து வருகிறேன். என்னை அதிகம் சறுக்க வைத்த சொல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தொழிலுக்கு வந்த புதிதில் பழைய கிரயப் பத்திரம் ஒன்றில், விற்றவர் தனக்குள்ள ‘ரைட், டைட்டில், இன்ட்ரஸ்ட்’ அனைத்தையும் மாற்றிக் கொடுத்ததாக இருந்ததை, ‘உரிமை, பட்டா, வட்டி’ என்று எழுதி, மைகூடக் காயாமல் எங்கள் மூத்த பத்திர எழுத்தரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “தம்பி, வீட்டை விற்றவன் வட்டியையும் மூட்டையில் கட்டிக் கொடுத்தானோ?” என்றார். பிறகு சிவப்பு மையால் ‘வட்டி’யை அடித்து, ‘பாத்தியம்’ என்று எழுதினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்களுக்கு வந்த கடிதத்தின் சாவியும் அந்தச் சிவப்பு மைச் சொல்தான். ‘அந்த வீட்டில் எனக்கு இன்ட்ரஸ்ட் உண்டு’ என்று அவர் எழுதியிருப்பதற்கு ‘அந்த வீட்டில் எனக்குப் பாத்தியம் உண்டு’ என்று பொருள். வீட்டை நினைத்து அவர் ஏங்கியும் இருக்கலாம். ஆனால், இந்த வரி ஏக்கத்தைச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு வருகிற நன்மையிலும் தீமையிலும் எனக்கும் சட்டப்படி இடம் உண்டு என்று சொல்கிறது.

ஒரே சொல் பாத்தியத்துக்கும் வட்டிக்கும் ஆர்வத்துக்கும் எப்படிப் பொருந்துகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற வரிகள் தாமே பிரிந்துவிடும். இலத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்த ‘இன்டெரெஸ்ஸே’ என்பது ஒரு காரியத்தின் ஊடே நாமும் இருப்பது. அது நடந்தாலும் கெட்டாலும் நமக்கு வித்தியாசம் ஏற்படுவது. ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் சட்டச் சொல்லாகத்தான், ஒரு சொத்திலோ காரியத்திலோ ஒருவருக்குள்ள பாத்தியம் என்ற பொருளில்தான் வந்தது. பணத்துக்கான வட்டி என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில் ஊன்றியது. பேரன் படித்த ஆர்வம் என்ற பொருள் எல்லாவற்றுக்கும் கடைசியில், 18-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அகராதியில் முதலில் நிற்பது வயதில் இளையது.

பாத்தியம் எப்படி வட்டியாயிற்று என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குச் சுவையான கதை. இடைக்கால ஐரோப்பாவில் கடனுக்குக் கூடுதல் பணம் வாங்குவதைத் திருச்சபை பாவம் என்று விலக்கி வைத்திருந்தது. ஆனால், கடன் வாங்கியவர் தவணை தவறினால், அதனால் கொடுத்தவருக்கு உண்டான நட்டத்தை ஈடுகட்டுவது பாவமாகாது என்று சட்ட அறிஞர்கள் ஒரு வழி விட்டார்கள். அந்த நட்ட ஈட்டுக்குத்தான் ‘இன்டெரெஸ்ஸே’ என்று பெயர். விலக்கப்பட்ட பெயரில் வாங்க முடியாததை அனுமதிக்கப்பட்ட பெயரில் வாங்கத் தொடங்கினார்கள், பெயர் நிலைத்துவிட்டது. 1545-இல் எட்டாம் ஹென்றியின் சட்டம் நூற்றுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து வரை வாங்கலாம் என்று இங்கிலாந்தில் வெளிப்படையாகவே அனுமதித்தது. ஆகவே, அவர்களுடைய சொல்லுக்கு அடியில் கிடப்பது கொடுத்தவரின் இழப்பு. நம்முடைய சொல்லுக்கு அடியில் கிடப்பதோ வளர்ச்சி. சோழர் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு வைத்த பொன்னுக்கு வரும் வட்டியைப் ‘பொலிசை’ என்றுதான் பொறித்திருக்கிறார்கள். பொலிதல் என்றால் பெருகுதல். வட்டி என்ற சொல்லையே விருத்தியின் திரிபாகக் கொள்வார்கள்; அதுவும் பெருக்கம்தான்.

மனத்தையும் கணக்கையும் ஒரே சொல்லில் கட்டிப்போடும் வழக்கம் நமக்கும் புதிதன்று. பேரேட்டில் ‘பற்று’ எழுதுகிறோம், ‘வரவு’ எழுதுகிறோம். மகன் மேல் பற்று, மண் மேல் பற்று என்றும் சொல்கிறோம். ‘உங்கள் பேரில் பற்று இருக்கிறது’ என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினால் அன்பு என்று யாரும் மகிழ்வதில்லை. ஆங்கிலக்காரருக்கு ‘இன்ட்ரஸ்ட்’ இருப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்: எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதன் பொருளை எடுக்க வேண்டும்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன்.

பாத்தியம் என்று சொன்னேன். ‘பங்கு’ என்று ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்தில் பங்கு இன்னும் அளந்து நிறுத்தப்படவில்லை. பிறப்பாலும் இறப்பாலும் அது கூடும், குறையும். முகப்பு அவருக்கு, இரண்டாங்கட்டு எனக்கு என்று யாரும் கோடு போட முடியாது. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளில் இன்ன அறையின் சாவி இன்னாரிடம் என்பது குடும்ப வசதிக்கான ஏற்பாடு. பத்திரம் இல்லாதவரை அதை எல்லையாகக் கொள்ள முடியாது. அளவு தெரியாவிட்டாலும் உரிமை இருக்கிறது என்ற நிலையைச் சொல்வதற்குச் சட்டத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் ‘இன்ட்ரஸ்ட்’ உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு உடன்பிறந்த பெண்கள் இருந்தால் அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பாத்தியம் உண்டு. உங்கள் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்பது மொழிபெயர்ப்பாளன் சொல்லக்கூடிய விஷயம் அன்று. தாய்ப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

அடுத்த வரி, ‘என் இன்ட்ரஸ்டுக்கு எதிராக வீட்டில் எதையும் செய்ய வேண்டாம்’ என்பது. ‘என் விருப்பத்துக்கு எதிராக’ என்று பேரன் சொன்னதால், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அதிகாரம் செய்கிறாரே என்று உங்கள் மகனுக்குக் கோபம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே சொல்லின் பொருள் நலன், அதிலும் பாத்தியத்தோடு சேர்ந்த நலன். தன் விருப்பப்படிதான் நடக்க வேண்டும் என்று அவர் கட்டளை இடவில்லை. தன் உரிமைக்குச் சேதம் வரும்படி எதையும் செய்துவிடாதீர்கள் என்கிறார். தூண் வியாபாரம் பற்றி எழுதியதற்குத்தான் இந்தப் பதில் என்பது என் ஊகம். பர்மாத் தேக்குத் தூண் கழற்றும்வரை வீட்டின் அங்கம். கழற்றிவிட்டால் லாரியில் ஏறும் சரக்கு. பொதுச் சொத்தின் அங்கத்தை ஒரு பங்காளி மட்டும் விற்க இயலாது. அந்த வியாபாரி முன்பணம் தந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது வரி எளிது. ‘விற்பதில் எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லை’ என்பதற்குப் பேரன் சொன்ன பொருள் சரி: விற்க அவருக்கு மனமில்லை. முதல் வரியில் இன்ட்ரஸ்ட் உண்டு என்றவர், மூன்றாவது வரியில் இல்லை என்கிறாரே என்ற முரண்பாடு தமிழில் மட்டும்தான் தோன்றும். ஆங்கிலத்தில் முன்னது பாத்தியம், பின்னது நாட்டம்.

இந்த இடத்தில் விடுதிக்காரரின் கடிதத்தையும் பேசிவிடலாம். ‘இன்ட்ரஸ்டட்’ என்று எழுதிக் கொடுப்பதால் அவர் எதற்கும் கட்டுப்பட்டவர் ஆகமாட்டார். துணிக்கடையில் புடவையைப் பிரித்துப் பார்ப்பதற்குச் சமம் அது. இன்னும் ஒரு படி மேலே போய்க் கிரய அக்ரிமெண்ட் போட்டாலும், 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவில் சொல்வது, அந்த ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த ‘இன்ட்ரஸ்டை’யும் உண்டாக்காது என்பதுதான். பாருங்கள், வாங்க நினைப்பவருக்கு ஒரு பொருளில் இன்ட்ரஸ்ட் நிறைய இருக்கலாம், இன்னொரு பொருளில் துளியும் இருக்காது. அடைமானம் அப்படியன்று, அதே சட்டத்தின் 58-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அசையாச் சொத்திலுள்ள ‘இன்ட்ரஸ்டை’க் கடனுக்குப் பிணையாக மாற்றிக் கொடுப்பதே அடைமானம் என்கிறது. யாராவது ‘விற்பனை வேண்டாம், அடைமானம்தானே’ என்று லேசாகச் சொன்னால், இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வரிதான் பணம் சம்பந்தப்பட்டது. அதில்தான் குழப்பமும் பெரிது. கூரை வேலைக்குத் தன் பாதியை நீங்களே போட்டுச் செய்தால், பிறகு ஆறு சதவீத ‘இன்ட்ரஸ்டோடு’ தருவதாக எழுதியிருக்கிறார். ‘இந்தக் காலத்தில் யார் ஆறு வட்டி தருவார்? ஏமாற்றுப் பேச்சு’ என்று உங்கள் மகன் சொன்னாராம். நம் ஊரில் ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். இரண்டு வட்டி என்றால் மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். நகரத்தார் வணிகர்கள் ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்த காலத்திலும் கணக்கு மாதத்துக்குத்தான் இருந்தது. அந்தப் பழக்கம் நம் காதில் இன்னும் இருக்கிறது. பினாங்கில் வளர்ந்தவர் காதில் இருப்பது வங்கிக் கணக்கு. அவர் ஆறு என்றால் ஆண்டுக்கு ஆறு. கூரைக்கு நான்கு லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பாதி இரண்டு லட்சம். அவர் கணக்கில் 12,000 ரூபாய் என்பது ஒரு முழு ஆண்டின் வட்டி. உங்கள் மகன் புரிந்துகொண்ட கணக்கில் அதே 12,000 ஒரு மாத வட்டி, ஆண்டுக்கு 1,44,000. அப்படி ஒருவர் கேட்டிருந்தால் அது 2003-ஆம் ஆண்டின் கந்து வட்டித் தடைச் சட்டம் பேச வேண்டிய விஷயம்.

அவர் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. தனி வட்டியா, வட்டிக்கு வட்டியா என்று குறிக்கவில்லை. ஓராண்டில் திருப்பிவிடுவதானால் பெரிய வேறுபாடு வராது. ஐந்தாறு ஆண்டு இழுத்தால் வரும். இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறவுக்குள் என்ன கணக்கு என்று தயங்க வேண்டாம். தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலேயே தனித்தனிப் பேர் வைத்து ஏடு எழுதிய ஊர் இது.

ஐந்தாவது வரியைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ ஆன ஒருவரை நடுவில் வைத்துப் பேசலாம் என்று அவர் கேட்டிருப்பது மிகவும் மரியாதையான யோசனை. அதைப் பேரன் ‘ஆர்வமில்லாத ஆள்’ என்று சொன்னதால், தூங்கி வழிகிறவரை வைத்து என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்வமில்லாதவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்று வேறொரு சொல் உண்டு. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பவர் அந்தச் சொத்தில் பாத்தியமோ லாபமோ இல்லாதவர். யார் பக்கம் தீர்ந்தாலும் அவருக்கு நட்டமில்லை, ஆகவே நியாயம் பேசுவார். நம் வழக்கில் பொதுமனிதர், மத்தியஸ்தர். ஆங்கிலம் பேசுகிறவர்களே இப்போது இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள் என்பதால் பேரனைக் கடிந்துகொள்ள வேண்டாம். நீதிமன்றத்தில் ‘இன்ட்ரஸ்டட் விட்னஸ்’ என்றால் வழக்கின் முடிவில் தனக்கும் ஆதாயமுள்ள சாட்சி. உற்சாகமான சாட்சி என்று நான் ஒருவர் மொழிபெயர்ப்பில் பார்த்திருக்கிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு வேடிக்கை. இலத்தீனில் இடையே இருப்பவர் ஒரு காரியத்தில் பட்டுக்கொண்டவர். தமிழில் இடையே, அதாவது நடுவே, இருப்பவர் எதிலும் பட்டுக்கொள்ளாதவர், நடுவர். ஒரே இடத்தில் நின்று இரண்டு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் பார்க்கின்றன. அண்ணன் மகன் கேட்பது நம்முடைய நடுவரைத்தான். உங்கள் கோயில் பிரிவில், அதாவது உங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், இந்த வீட்டுக்குப் பங்காளியாகாத, தூண் வியாபாரியோடும் விடுதிக்காரரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லாத பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் பெயரை நீங்களே முன்மொழிந்தால் நன்றாக இருக்கும்.

கடைசி வரியில் உள்ள ‘வெஸ்டட் இன்ட்ரஸ்ட்’தான் உங்களை வருத்தியது என்று தெரிகிறது. செய்தித்தாளில் அதற்குத் தன்னலம் பிடித்தவர்கள், ஆதாயக் கூட்டம் என்ற பொருள் வந்துவிட்டது. பத்திரத்தில் அது வசைச் சொல்லே இல்லை. முன்சொன்ன 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் அதற்கு விளக்கம் உண்டு: அனுபவிக்கும் காலம் பிறகு வருவதாக இருந்தாலும், உரிமை இப்போதே வந்து சேர்ந்துவிட்ட பாத்தியம். ஓர் உதாரணம் சொல்கிறேன். தாய்க்கு ஆயுள்கால அனுபவ பாத்தியம், அவருக்குப் பிறகு மகனுக்கு என்று ஒருவர் வீட்டை எழுதி வைத்தால், தாய் இருக்கும்போதே மகனுடைய பாத்தியம் வெஸ்டட் ஆகிவிடுகிறது. தாய்க்கு முன்பாக மகன் இறந்தாலும் அது அழியாமல் மகனுடைய வாரிசுகளுக்குப் போகும். ‘மகன் அயல்நாட்டிலிருந்து திரும்பி வந்தால் அவனுக்கு’ என்று நிபந்தனை போட்டு எழுதினால் கதை வேறு. வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதை 21-ஆம் பிரிவு தனியாக வைத்து, ‘கன்டிஞ்சென்ட் இன்ட்ரஸ்ட்’ என்று அழைக்கிறது. அண்ணன் மகன் சொல்ல வந்தது, தகப்பனார் வழியாகத் தனக்கு வந்த பாத்தியம் எந்த நிபந்தனைக்கும் காத்திருக்கவில்லை, ஏற்கெனவே தன்னிடம் இருக்கிறது என்பது மட்டும்தான். உங்களை அவர் எதுவும் சொல்லவில்லை.

பதில் எழுதும்போது ஒரு யோசனை. அந்தச் சொல்லை நீங்கள் ஓர் இடத்தில்கூடப் பயன்படுத்த வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் பாத்தியம் என்னும் இடத்தில் ‘ரைட்’ என்று எழுதச் சொல்லுங்கள். வட்டி என்னும் இடத்தில் ‘ஆண்டுக்கு இத்தனை சதவீதம், தனி வட்டி’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். தமிழிலும் ஒரு பிரதி வையுங்கள். அவர் பேசத் தெரிந்தவர் என்பதால் யாராவது படித்துக் காட்டினால் புரிந்துகொள்வார். வாசகத்தை நான் இப்படி வைப்பேன்:

“தம்பி, வீட்டில் உனக்குள்ள பாத்தியத்தை நாங்கள் மறுக்கவில்லை. உன் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் தூண், கதவு, நிலை எதையும் விற்கமாட்டோம். விற்பனைப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறோம். கூரை வேலைக்கு மதிப்பீடு வாங்கி அனுப்புகிறோம். உன் பாதிக்கு, நாங்கள் செலவழித்த தேதியிலிருந்து ஆண்டுக்கு 6 சதவீதம் தனி வட்டி என்று நீ ஒப்புக்கொண்டால் வேலையைத் தொடங்குகிறோம். பொதுமனிதராக இன்னாரை வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். அடுத்த முன்னோர் படைப்புக்கு நீ வரும்போது நேரில் பேசுவோம்.”

இதற்கு அவர் ‘வெரி இன்ட்ரஸ்டிங்’ என்று ஒற்றை வரியில் பதில் போட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்கலாம், யோசிக்கிறேன் என்பதற்கு அவர்கள் அப்படியும் சொல்வதுண்டு. ‘ஐ அக்ரீ’ என்ற சொல் கையெழுத்தோடு வந்த பிறகு ஓட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அதுவரை முகப்பில் மழை இறங்கும் இடத்துக்குத் தார்ப்பாய் போட்டு வையுங்கள். அந்தச் செலவுக்கும் ரசீது வாங்க மறக்க வேண்டாம்.